பாய்சன்னு எழுதியிருந்துச்சாமே

பாலக்கரை லூர்துராணி மக பிரான்சி பாத்ரூம்ல மயங்கி விழுந்து மூணு மாசம் ஆகுது. பொண்ணு எந்திரிச்சு வேலைக்கே போறா. அவ பேருதான் இன்னும் எந்திரிக்கல.

நடந்தது இவ்ளோதான். பாத்ரூம் ஜன்னலுக்கு எதுத்தாப்புல புதுசா ஒரு மாடி எழும்புச்சு. வயசுப் பொண்ணு குளிக்கிற எடம்னு அப்பன் கிளமென்ட் ஜன்னல்ல அட்டையை வெச்சு டேப் ஒட்டிட்டாரு. மானத்தைக் காப்பாத்துனாராம். உள்ள சுவத்துல கேஸ் கீசர் எரியுது. காத்து இல்லாம நெருப்பு ஒழுங்கா எரியாம கார்பன் மோனாக்சைடைக் கக்கியிருக்கு. அதுக்கு நெறமும் கெடையாது, வாடையும் கெடையாது. தல சுத்துதேன்னு நெனைக்கிறதுக்குள்ள ஆளைச் சாய்ச்சிரும். கதவை ஒடச்சுத் தூக்குனதால பொழச்சா.

ஆஸ்பத்திரி சீட்டுல "கார்பன் மோனாக்சைடு பாய்சனிங்"னு போட்டிருந்தாங்க. பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி எடுத்துப் படிச்சா. மொத ரெண்டு வார்த்தை அவ வாய்ல நொழையல. கடைசி வார்த்தை நல்லாவே நொழஞ்சுது. சாயங்காலப் பூசை முடியறதுக்குள்ள கோயில் வாசல்ல ஒரே பேச்சு, பிரான்சி பாய்சன் குடிச்சிட்டாளாம்.

அவளை ஜூட்டுங்கற பையனுக்குப் பேசி வெச்சிருந்தாங்க. அவன் அம்மா இருதயமேரி ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஆட்டோ வெச்சுட்டு வந்தாங்க.

"கேஸ்னா நாறும்ல? நாங்களும் சிலிண்டர்தான வெச்சிருக்கோம்."

"சிலிண்டர் கேஸ் நாறும் சம்மந்தி. இது அரகொறையா எரிஞ்சு வர்ற கேஸு. நாறாது."

"இன்னும் சம்மந்தி ஆகலைங்க."

லூர்துராணி எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போனா. கீசரைக் கழட்ட வரேன் வரேன்னு ஆளு இழுத்தடிச்சதால அது அங்கயேதான் தொங்குச்சு. பழைய அட்டையை மறுபடி ஜன்னல்ல வெச்சு, கீசரைப் போட்டு, அந்த கேஸ் வந்தா கத்துறதுக்குன்னு புதுசா வாங்குன அலாரத்தை உள்ள வெச்சுக் கதவைச் சாத்துனா.

"என்னை வெச்சுப் படம் காட்டாதம்மா," பிரான்சி அழுதா.

குடுத்த காப்பி ஆறல, உள்ள அலாரம் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. இருதயமேரி கதவுகிட்ட மூக்கை நீட்டுனாங்க.

"ஒண்ணும் வாடையே வரலையே."

"அதத்தாங்க நானும் தொண்ட தண்ணி வத்தச் சொல்றேன்! தள்ளி வாங்க." வெளிய போய் சிலிண்டரை மூடிட்டு வந்தா.

"பேட்டரி போட்டா பொம்மையுந்தான் கத்தும்," இருதயமேரி பையை எடுத்துக்கிட்டாங்க. "தப்பா நெனைக்காதீங்க. நாங்க வேற எடம் பார்த்துக்கறோம்."

ஆட்டோல ஏறுன மனுசி, லூர்துராணியைக் கிட்ட வரச்சொல்லிக் கொரலைத் தணிச்சாங்க.

"எங்க வீட்லயும் இதே கீசர்தான். ஜன்னலையும் அடச்சுதான் வெச்சிருக்கோம். எம்மக லிசி குளிச்சுட்டு வந்தாலே தலவலிங்கறா. அந்த டப்பா எங்க வாங்குனீங்க?"

லூர்துராணிக்குச் சுருக்குன்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிக்கிட்டா. அங்கயும் ஒரு பொண்ணு இருக்காளே.

"டப்பா அப்புறம் வாங்கலாம். மொதல்ல கீசரை நிறுத்துங்க. அட்டையைப் பிச்சுப் போடுங்க. கீசரை வெளிய மாட்டற வரைக்கும் அடுப்புல தண்ணி காய வைங்க." மூச்சு வாங்கிட்டுக் கேட்டா, "அப்ப கேஸுதான்னு தெரியுதுல்ல உங்களுக்கு?"

"எனக்குத் தெரிஞ்சு என்னங்க பண்றது? ஊரு வேற மாதிரில்ல பேசுது."

அப்புறம் டிரைவர் தோளைத் தட்டுனாங்க. "சீக்கிரம் போப்பா, எம்மக குளிக்கிற நேரம்."