மூன்றாம் பல்லில் நிற்காத இருக்கை

கார் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை மாஸ்டர் ஒரு முறை படித்தார். பிறகு, இதில் கம்பெனிக்காரனுக்கு என்ன லாபம் என்று தேடிக்கொண்டே இன்னொரு முறை படித்தார். லாபம் எதுவும் தென்படவில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

“தங்கள் மேலான பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு” என்று தொடங்கியிருந்தார்கள். அவர் வைத்திருக்கும் மாடலில், சில வண்டிகளில், சில சூழ்நிலைகளில், ஓட்டுநர் இருக்கையின் பூட்டு, இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தின் பல்லில் சரியாக விழாமல் போகலாம். இருக்கை ஓட்டத்தில் நகரக்கூடும். வண்டியைக் கொண்டு வந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதற்குள் ‘சில’ என்ற சொல் ஏழு இடத்தில் வந்திருந்தது. மாஸ்டர் எண்ணியிருந்தார்.

“நாலு வருஷமா நான் போன் பண்ணா எடுக்காதவன், நான் பண்ணாமலே கடுதாசி போடறான். என்னமோ இருக்கு” என்றார் மனைவியிடம்.

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கடுதாசி வந்தா ஏன் வந்துச்சுன்னு சந்தேகம், வரலைன்னா ஏன் வரலைன்னு சந்தேகம். நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே அச்சுப்பிழை தேடின ஆளு.”

“இருந்துச்சே.”

“இருந்துச்சு. அதுக்காக மண்டபம் சரியான மண்டபமான்னு ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தீங்களே, அதைச் சொல்றேன்.”

மாஸ்டருக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரு அறை, ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் ஒரு சிறிய வெள்ளைக் கார். பத்தொன்பது வருடமாக இதே தொழில். கார் அவருடையதுதான், ஸ்டியரிங் மட்டும் எப்போதும் அடுத்தவர் கையில். அவர் உட்காருவது பக்கத்து இருக்கையில், அங்கே காலடியில் லேத் பட்டறைக்காரர் பொருத்திக் கொடுத்த இரண்டாவது பிரேக்கின் மேல். தன் சொந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பக்கவாட்டிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டாம் பிரேக்கு’. அவருக்கும் அது தெரியும். அவர் முன்னால் யாரும் சொன்னதில்லை என்பதால், அவர் அதை அதிகமாகவே நம்பினார்.

சந்தேகம் அவருக்குக் குணமாக வந்ததா, தொழிலோடு வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். முன்னால் போகிறவன் போடுகிற சிக்னலை அவர் நம்புவதில்லை. பச்சை விளக்கை அரைகுறையாக நம்புவார். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் வாயை அறவே நம்புவதில்லை. செருப்பு வழுக்கியது, வெயில் கண்ணில் அடித்தது, எதிரில் வந்தவர் முறைத்தார் என்று எத்தனையோ சாக்கு கேட்டாகிவிட்டது. ஒருவன் தும்மல் வந்ததால் ஆக்சிலேட்டர் அழுந்திவிட்டது என்றான். தும்மியது மாஸ்டர்.

அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்ததுதான், “சீட்டு பின்னால போகுது மாஸ்டர்.”

அதைச் சொன்னவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர நிலையத்தில் ஒரு கார் வாங்கியிருந்தார்கள். லைசென்ஸ் இருந்தால் அந்த வேலை அவளுக்கு. மாதக் கடைசிக்குள் இல்லையென்றால் வேறொருவருக்கு. மேட்டில் நிறுத்தி எடுக்கும் இடத்தில் இரண்டு முறை டெஸ்டில் தோற்றிருந்தாள். இரண்டு முறையும் கிளட்சிலிருந்து கால் நழுவி, வண்டி அணைந்து, பின்னால் உருண்டது. மூன்றாவது டெஸ்ட் வருகிற திங்கட்கிழமை. அதற்குப் பிறகு இந்த மாதத்தில் டெஸ்ட் நாள் கிடையாது.

“சீட்டு போகலைம்மா, உன் தைரியம்தான் போகுது” என்று மாஸ்டர் அப்போது சொல்லியிருந்தார். வேறு ஒருத்தி கால் எட்டவில்லை என்றபோது, “வளர்ந்துட்டு வா” என்று அனுப்பியிருந்தார்.

இப்போது கடிதமும் அதையே சொன்னது. வேறொருவராக இருந்தால் அந்தப் பெண்ணை நினைத்திருப்பார். மாஸ்டரும் அவளைத்தான் நினைத்தார், வேறு விதமாக. கம்பெனிக்கு இவளே எழுதிப் போட்டிருப்பாளோ? இல்லை, கம்பெனி வண்டிகளைத் திரும்பக் கூப்பிடும் ரீகால் செய்தி எங்கோ வந்திருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் இந்தச் சாக்கைப் பிடித்திருக்கிறாளோ? அவள் முதலில் சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது, கடிதத்தின் தேதிக்குப் பத்து நாள்தான் ஆகிறது என்பது இந்த யோசனைக்கு இடைஞ்சலாக இருந்தது. அதனால் தேதியையும் சந்தேகித்தார்.

கீழே போய், கடிதத்திலிருந்த பதினேழு இலக்க எண்ணைக் காரின் எண்ணோடு வைத்துப் பார்த்தார். பதினேழும் பொருந்தின. ஒன்றாவது மாறியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, தன் உயரத்துக்கு அதைத் தள்ளிப் பூட்டி, இரண்டு காலையும் ஊன்றி முதுகால் மோதினார். இருக்கை அசையவில்லை. இன்னும் நாலு முறை மோதினார். கார்தான் ஆடியது.

உடனே மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, கடிதம் சொல்கிற அதே சர்வீஸ் சென்டரில் பழுதுபார்க்க வரும் வண்டிகளை வாங்கி வைக்கும் மேஜையில் இருப்பவன். அக்காள் கணவர் மேல் அவனுக்குப் பிரியம் உண்டு, அவருடைய போன் மேல் கிடையாது.

“சீட்டு கல்லு மாதிரி நிக்குதுடா. எதுக்கு இந்தக் கடுதாசி நாடகம்? வண்டிய உள்ள இழுத்துட்டு, அது தேஞ்சிருக்கு இது ஒழுகுதுன்னு சொல்றதுக்குத்தானே?”

“அத்தான், அதெல்லாம் நாங்க கடுதாசி இல்லாமலே சொல்லுவோம்” என்றான் மச்சான். “எந்தப் பல்லுல வச்சுப் பார்த்தீங்க?”

“பல்லா?”

“சீட்டுக்கு அடியில ரெயில்ல பல்லு இருக்கும்ல. உங்க காலு நீளத்துக்குக் கடைசிப் பல்லுல வச்சிருப்பீங்க. அதுக்குப் பின்னால போக இடமே கிடையாதே. பூட்டே இல்லைன்னாலும் நிக்கும்.”

மாஸ்டர் குனிந்து இருக்கையின் அடியில் பார்த்தார்.

“முன்னாடி ரெண்டாவது, மூணாவது பல்லுல வச்சுப் பாருங்க. மத்தவங்க சீட்டை வருஷத்துக்கு ஒரு தடவை நகர்த்துவாங்க. உங்க வண்டியில ஒரு நாளைக்குப் பத்து தடவை. அதுலயும் குட்டையானவங்க இழுத்து இழுத்து... அத்தான், இருக்கீங்களா?”

“நீ எந்தக் கார் ஓட்டுறே?”

“நானா? பழசு, வேற கம்பெனி. ஏன்?”

“அங்க வேலை பார்க்கிறவனே அவங்க வண்டி வாங்கலை. பாத்தியா?” என்று சொல்லிப் போனை வைத்தார். வாதத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது. எந்த வாதத்தில் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்கு அந்தப் பெண் வந்தாள். அவள் இருக்கையை முன்னால் இழுத்தபோது மாஸ்டர் முதல்முறையாகக் காதைக் கொடுத்தார். கடைசிப் பல்லில் அவர் பூட்டியபோது ‘டக்’ என்று கேட்டது. இப்போது எதுவும் கேட்கவில்லை.

“இறங்கும்மா. சீட்டைத் தொடாதே. அப்படியே இருக்கட்டும்.”

“என்ன மாஸ்டர், நான் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலை. அதுக்குள்ள தப்பா?”

அவள் அளவுக்கு வைத்த இருக்கையில் மாஸ்டர் நுழைந்த காட்சியை அவள் பிறகு நிலையத்தில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினாளாம். முழங்கால் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் நின்றது. வயிறு ஹாரனை அழுத்தியது. எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். கழுத்தை மடக்கிக்கொண்டு, கிளட்சையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் ஓங்கி மிதித்தார் மாஸ்டர். இருக்கை ஒரு சாண் பின்னால் ஓடியது. கால் இரண்டும் மிதியை விட்டு அந்தரத்தில் நின்றன.

அவர் இழுத்துவைத்து மறுபடி மிதித்தார். மறுபடி ஓடியது. மூன்றாவது முறை ஓடவில்லை. அதுதான் அவருக்கு மிகவும் கெட்ட செய்தியாகப் பட்டது. எப்போதும் கெடுவதைக் கண்டுபிடித்துவிடலாம். நினைத்தபோது மட்டும் கெடுவது, பொய் சொல்லத் தெரிந்த சாமான்.

அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. “ஊசின்னா எனக்குப் பயமே இல்லைன்னு சொல்றவங்களை நான் படுக்க வச்சுத்தான் ரத்தம் எடுப்பேன் மாஸ்டர், அவங்கதான் மயங்கி விழுவாங்க. மத்தவங்க சொல்றதை நம்புவேன். நீங்க எல்லாரையும் படுக்க வச்சுட்டீங்க.”

மாஸ்டர் இறங்கி, கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் காகிதம் கொடுப்பார்கள்.

அவள் படித்தாள். “என்னைக்கு வந்துச்சு?”

“புதன்கிழமை.”

“இன்னைக்கு வெள்ளி.”

“நம்பலைம்மா.”

“என்னையா, கம்பெனியையா?”

“ரெண்டு பேரையும்தான்.”

“அது சரி, பாரபட்சம் இல்லை” என்றாள் அவள்.

மறுநாள் காலை வண்டியை சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டார். அவர்களாகக் கூப்பிட்டும், பூட்டு வந்து சேர மூன்று வாரம் ஆகுமாம். “பூட்டு இல்லாமலே கூப்பிட்டிருக்கீங்க” என்றார் மாஸ்டர். மேஜைக்குப் பின்னால் மச்சான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “கூப்பிடலைன்னா நீங்க இன்னும் கடைசிப் பல்லுல உக்காந்திருப்பீங்க” என்றான். வண்டியில் இரண்டாவது பிரேக் இருப்பதைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார்கள் என்று மாஸ்டர் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. எழுதிவைத்துக்கொள்கிறார்கள் என்று முடிவு செய்தார்.

மாஸ்டரிடம் வேறு கார் கிடையாது. திங்கட்கிழமைக்கு இரண்டு நாள். டெஸ்டுக்கு எந்தக் காரில் வேண்டுமானாலும் வரலாம், கார்தான் வேண்டும். மேஜையின் மேல் மச்சானின் சாவிக்கொத்து கிடந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். மச்சான் அவர் பார்ப்பதைப் பார்த்தான்.

“அத்தான், அது என் வண்டி.”

“வேற கம்பெனிதானே?”

“ஆமா.”

“அதனாலதான் கேக்கறேன்.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேட்டில் பழகினார்கள். மச்சானின் காருக்குப் பக்கத்து இருக்கையில் பிரேக் கிடையாது. மாஸ்டரின் வலது கால் வெறும் மிதியடியை அழுத்திக்கொண்டே இருந்தது. கை மட்டும் கைப்பிரேக்கைப் பிடித்தபடி. முதல் நாள் அவள் வண்டியை ஆறு முறை அணைத்தாள். இருக்கை நின்றது, ஆனால் இருக்கை ஓடும் என்று எதிர்பார்த்துப் பழகிய உடம்பு முதுகைச் சாய்க்கவே மறுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஓட்டினாள்.

“சாஞ்சுக்கோம்மா. இது ஓடாது.”

“நீங்க சொல்றீங்களா, மாஸ்டர்?”

மாஸ்டர் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். இறங்கிப் பின்னிருக்கையில் போய் உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் அவள் இருக்கையின் முதுகில் முட்டுக்கொடுத்தார். “இப்ப ஓடுனா என் காலை உடைச்சுட்டுத்தான் ஓடணும்” என்றார். அவள் கொஞ்சம் சாய்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முழுதாகச் சாய்ந்தாள். மாஸ்டர் முழங்காலை எடுத்துவிட்டதை அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம். மாஸ்டர் சாக்குச் சொல்கிற ஆளில்லை என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறவர். “உங்க வண்டி எங்க?”

“சீட்டு சரியில்லை சார்.”

அதிகாரி அந்தப் பெண்ணைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பழைய தாளைப் பார்த்தார். “போன தடவை இவங்க சொன்ன அதே சாக்கா?”

“சாக்கு இல்லை சார். சாக்குன்னு சொன்னது நான்” என்று மாஸ்டர் கடிதத்தை நீட்டினார்.

அதிகாரி அதை வாங்கிப் படித்தார். “ரெண்டு தடவை ஃபெயிலானதுக்கு அப்புறம் கம்பெனியே வந்து சாட்சி சொல்லுது. நான் இப்பத்தான் பார்க்கறேன்” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. “ஏறும்மா.”

டெஸ்டின்போது மாஸ்டர் வண்டிக்குள் இருக்கக்கூடாது. மேட்டின் கீழே, மற்ற பள்ளிக்காரர்களோடு நின்றார். கார் ஏறியது. பாதியில் நின்றது. அந்த நிற்றல் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. பின்னால் ஒரு விரல் அளவு உருண்ட மாதிரி அவருக்குத் தெரிந்தது. உருளவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் எதற்கு வலிய வந்து சொல்கிறார் என்று மாஸ்டர் யோசிப்பதற்குள் கார் கிளம்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

திரும்பி வந்தபோது அதிகாரி இறங்கி, தாளில் கையெழுத்துப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார். அவள் நேராக மாஸ்டரிடம் வந்தாள். முகம் கழுவினதுபோல் வியர்த்திருந்தது. முதுகில் இருக்கையின் தையல் வரி அப்படியே சட்டையில் பதிந்திருந்தது.

“பாஸ், மாஸ்டர்.”

“தெரியும்” என்றார் அவர், தெரியாமலே. “வேலை எப்ப சேரணும்?”

“பாஸானா நாளைக்கே வரச்சொல்லியிருக்காங்க. காலையில சாவி குடுத்துடுவாங்க.”

“அவங்க வண்டி என்ன வண்டி?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “உங்களுது மாதிரியேதான். அதே மாடல். அதுவும் வெள்ளை.”

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நானே கேட்டுட்டேன்” என்றாள் அவள். “கம்பெனியிலிருந்து கடுதாசி ஏதாவது வந்துச்சான்னு. ஆபீஸ்ல இருக்கிறவர் அப்படி எதுவும் வரலைன்னு சொல்லிட்டார்.”

“வந்திருக்கும்.”

“நானும் அதைத்தான் நினைக்கிறேன். வாங்க, அவர் மேஜையிலயே தேடுவோம்.”

இருவரும் மச்சானின் காரை நோக்கி நடந்தார்கள். ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவள்தான் திறந்தாள்.