காயாத அரக்குப் பேனா

மேல்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அண்ணை இன்று காலை, நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற் கதவைத் தட்டினார். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தன. விரல்களைச் சொறிந்துகொண்டே நின்றார்.

"தங்கச்சி, இதுக்கு ஏதும் மருந்து தெரியுமோ?"

மருந்து தெரியாது. காரணம் தெரியும்.

பக்ரறியில் கூட வேலை செய்யும் ஜப்பான்காரியிடம் அரக்கு வேலை பழகுகிறேன். குளிர்காலம் முழுக்க ஒரு பேனாவுக்கு அரக்குப் பூசி, பொன்தூள் தூவி இரண்டு மீன் வரைந்து, காய்வதற்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்த அரக்கு ஒரு மரத்தின் பால். காயுமுன் தொட்டால் தோல் வீங்கி அரிக்கும். அண்ணையிடமும் சொல்லியிருந்தேன்.

போன கிழமை பேனாவைக் காணவில்லை. முன்பு என் குடையும் கசெற் ரேடியோவும் இப்படித்தான் மேலே போயின. கேட்டால், "ஒரு வீட்டுச் சாமான்தானே" என்பார் அண்ணை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, "ஜப்பானில இருந்து எடுப்பிச்சனான்" என்று என் காதுபடவே சொன்னார்.

"அண்ணை, புதுசா எதையும் தொட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ, ஒண்டையும் தொடேல்லை."

"அப்ப சாப்பாடுதான்."

படியில் நின்ற அவர் மனைவிக்கும் கேட்கச் சொன்னேன்: "அக்கா, மீன், நண்டு, கத்தரிக்காய், உறைப்பு ஒண்டும் குடுக்காதேங்கோ. உப்பில்லாக் கஞ்சி மட்டும்."

"ஓம் பிள்ளை," என்றார் அக்கா, மிகுந்த அக்கறையோடு.

மத்தியானம் மேலே நண்டுக்குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. அண்ணைக்குக் கஞ்சி.

பேனா திரும்பி வரும் வரை பத்தியம் தொடரும். இன்னும் எதையெல்லாம் நிறுத்தச் சொல்லலாம், சொல்லுங்கோ.