ஆஸ்பத்திரிக்குப் போகாத நாள்

என் கணவருக்குக் கண்ணில் அடிபட்டது கவ்வாத்துக் காலத்தில். லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் பத்தாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் சரித்து வெட்டும்போது ஒரு சிம்பு தெறித்து அவருடைய இடது கண்ணில் குத்தியது. சிம்பைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, அன்றைக்கு உள்ள வேலையை முடித்துவிட்டுத்தான் நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தார். அரைநாளில் விட்டு வந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிக் கூலிதான்.

தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் நடந்த மறுவருஷம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி பத்து மாதம் ஆகியிருந்தது.

தோட்டத்து மருந்துக்காரர் ஐந்து நாள் சொட்டு மருந்து போட்டார். "வீக்கம் வத்துனா சரியாயிடும்" என்றார். வீக்கம் வற்றியது. ஆனால் கருவிழிக்கு நடுவே பால் விழுந்தது போல ஒரு வெள்ளை. ஆறாம் நாள் நானே தோட்டத் துரையின் பங்களா வாசலில் நின்று அழுது, அனுமதித் துண்டுச்சீட்டு வாங்கி, அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். டார்ச் அடித்துப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார். "இவ்வளவு நாளும் என்ன செய்து கொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டார். ஒரு கடிதம் எழுதி என் கையில் தந்தார். "நாளைக்கே கொழும்புக்குக் கொண்டு போங்கோ. கண்ணாஸ்பத்திரியிலை குடுங்கோ. சுணங்க வேண்டாம்."

மறுநாள் காலை ரயில் ஏறினோம். நான் அதுவரை பண்டாரவளையைத் தாண்டியதில்லை. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தலையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே வந்தார். நல்ல கண்ணால் வெளியே பார்க்கிறாரா, என்னைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

கொழும்பில் எனக்குச் சித்தப்பா மகன், அண்ணன் ஒருவர் இருந்தார். ஜிந்துப்பிட்டியில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை தூக்கும் வேலை. கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு அறை. ஸ்டேஷனுக்கு வந்து எங்களைக் கூட்டிப்போனார். நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "பஸ்ல சத்தமாப் பேசாதீங்க. இப்ப ஒண்ணும் இல்ல. இருந்தாலும் பேசாதீங்க." அந்த நாலு நாளும் வெளியில் நாங்கள் மூவரும் ஒருவர் காதில் ஒருவர் பேசித்தான் பழகினோம்.

கண்ணாஸ்பத்திரியில் பாதி நாள் காத்திருந்தோம். டாக்டர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற நர்ஸ் எங்களுக்குத் தமிழில் சொன்னார். கொழும்புத் தமிழ், கொஞ்சம் தட்டுத்தடுமாறி. ஆனால் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது.

"அடிபட்ட கண் இனி சரிவராது. அத எடுக்கணும். எடுக்காம விட்டா நல்ல கண்ணும் போயிடும். நாளைக்கு காலைல வந்து படுங்க."

"எடுக்கணும்னா?" என்று கேட்டார் அவர்.

நர்ஸ் தன் விரல்களைக் குவித்து, கண்ணுக்கு முன்னால் வைத்து, எதையோ எடுப்பது போலக் காட்டினார்.

"அடிபட்டது அந்தக் கண்ணு. இது ஏன் போகணும்?" என்று வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார் என் கணவர். நர்ஸ் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. "அப்படித்தான் வரும். கட்டாயம் வாங்க" என்று சொல்லி, வார்டில் சேர்வதற்கான துண்டை என்னிடம் தந்தார். அவரிடம் தரவில்லை. என்னிடம்தான் தந்தார்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அறையில் சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியின் முன்னால் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் தோட்டத்தில் அவர் காமன்கூத்து ஆடுபவர். வேஷம் கட்டினால் அடுத்த தோட்டத்திலிருந்தும் பெண்கள் வந்து பார்ப்பார்கள். நானும் அப்படிப் பார்த்தவள்தான்.

விடிந்ததும் நான்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை எழுதிப் பார்ப்பது இதுவே முதல் தடவை. "ஏங்க, ஒரு நாள் தள்ளிப் போவமா? இந்த முழு மொகத்தோட ஒரு நாள் என்கூட நடந்து வாங்க. கடலப் பார்த்துட்டு வருவோம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அடிபட்ட நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணனும், "ஒரு நாள்ல என்ன ஆயிடப் போவுது? இவ்வளவு தூரம் வந்துட்டு ஊரப் பாக்காமப் போனா தோட்டத்துல சிரிப்பாங்க" என்று கடையில் லீவு கேட்டு வந்தார்.

முதலில் செட்டியார் தெருவில் முருகன் கோயில். பிறகு துறைமுகம். கம்பி வேலிக்கு வெளியே நின்று கப்பல்களைப் பார்த்தோம். எங்கள் தேயிலைத் தொழிற்சாலையை விடப் பெரியது ஒன்று தண்ணீரில் நின்றது. பெட்டி பெட்டியாகத் தேயிலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "நம்ம தோட்டத்துப் பெட்டி இருக்குமா?" என்று நான் கேட்டேன். அவர் நல்ல கண்ணைச் சுருக்கி, பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கப் பார்த்தார். தூரம் அதிகம். படிக்க முடியவில்லை.

அங்கிருந்து பஸ்ஸில் தெகிவளை மிருகக்காட்சிச் சாலைக்குப் போனோம். சிங்கம் கத்தியபோது நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியிடத்தில் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரங்குக் கூண்டுக்கு முன்னால் நின்று குரங்கு மாதிரியே தலையைச் சொறிந்து காட்டினார். பக்கத்தில் நின்ற சிங்களக் குடும்பம் ஒன்று சிரித்தது. அவர்களுடைய சின்னப் பெண் அவருடைய வெள்ளைக் கண்ணைக் கவனித்துவிட்டுத் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அவர் உடனே மறுபக்கம் திரும்பி நடந்தார்.

பிறகு மியூசியம். வெள்ளை வெளேரென்று அரண்மனை மாதிரிக் கட்டடம். ராஜாக்களின் சிம்மாசனம், வாள்கள், ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த திமிங்கிலத்தின் எலும்பு. எல்லாவற்றையும் அவர் வாயைப் பிளந்து பார்த்தார். ஒரு அறையில் பேயாட்டத்துக்குப் போடும் முகமூடிகள் வரிசையாக மாட்டியிருந்தன. கூத்தாடி அல்லவா, அங்கே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். ஒரு முகமூடிக்குக் கண்கள் மூடியிருந்தன. அது என்ன பேய் என்று காவல்காரரிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டார். காவல்காரர் நல்ல மனிதர், நின்று விளக்கமாகவே சொன்னார். என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் வராமல் நேரே வாசலுக்குப் போய்விட்டார்.

"என்னவாம்?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"கண்ணக் குருடாக்குற பேயாம்."

அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், இப்படியே போய்ச் சேர்த்துவிடலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. துண்டு என் இடுப்புச் சுருக்குப்பையில் இருந்தது. மியூசியத்திலிருந்து நடந்தே போகலாம். வாயைத் திறக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டு, "கடலப் பார்க்கல இன்னும்" என்றார். துண்டைப் பையிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

காலிமுகத்திடலில் காற்று ஆளைத் தள்ளியது. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கார்களில் வந்த பெரிய மனிதர்கள் நடை போட்டார்கள். கடலைப் பற்றி நான் என்ன எழுத? மலையில் பிறந்தவளுக்கு, எதிரே மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சுவர் ஓரம் உட்கார்ந்து வடை தின்றோம். சூரியன் இறங்கும் நேரம் அவர் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அடிபட்ட கண்ணைச் சூரியனுக்கு நேரே காட்டினார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"வெளிச்சம் தெரியுது புள்ள."

"நெசமாவா?"

"சத்தியமா. செவப்பாத் தெரியுது. செத்த கண்ணுக்கு வெளிச்சம் தெரியுமா?"

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அண்ணனும், "அப்படின்னா உசுரு இருக்குன்னுதான் அர்த்தம்" என்றார். மூன்று பேரும் அதை நம்பினோம். கண் பார்வை வேறு, வெளிச்சம் மட்டும் தெரிவது வேறு என்று எங்களுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லக்கூடிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவில்லை.

மறுநாள் காலையில் அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். "உசுரு இருக்குற கண்ண நோண்டி எடுக்க நான் குடுக்க மாட்டேன். ஊருக்குப் போவோம்." நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவருடைய முகம் அப்படியே இருக்கப் போகிறது என்பதுதான் என் மனதில் இருந்தது.

தோட்டத்துக்கு வந்ததும் மருந்துக்காரர் கேட்டார். "மருந்து குடுத்து அனுப்பிட்டாங்கய்யா" என்று நான் பொய் சொன்னேன். துண்டை அடுப்பில் போட்டேன். அவர் வேலைக்குப் போனார். மாலையில் லயத்து வாசலில் கூட்டம் கூடும். கப்பல், சிங்கம், திமிங்கில எலும்பு என்று அவர் நடித்துக் காட்டுவார். கொழும்பைப் பார்த்து வந்தவர் என்று எங்களுக்கு ஒரு மதிப்பே வந்துவிட்டது.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றவர், "என்ன புள்ள இன்னைக்கு இவ்வளவு மூட்டம்?" என்று கேட்டார்.

நான் கொழுந்துக் கூடையோடு வெளியே வந்து பார்த்தேன். எதிர் மலை முழுவதும் வெயில். ஒவ்வொரு செடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

பதுளையில் அதே டாக்டர். வலது கண்ணைப் பார்த்துவிட்டு, இடது கண்ணைப் பார்த்தார். "கொழும்பிலை இந்தக் கண்ணை எடுக்கச் சொல்லேல்லையோ?"

"சொன்னாங்கய்யா" என்றேன்.

"பிறகு?"

"நாங்க போகலய்யா."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. டார்ச்சை அணைத்து மேசையில் வைத்தார். பிறகு மறுபடியும் ஒரு கடிதம் எழுதினார். எழுதும்போதே, "போங்கோ. ஆனால் பெரிசா ஒண்டும் எதிர்பாக்க வேண்டாம், அம்மா" என்றார்.

இரண்டாம் தடவை கொழும்பில் இரண்டு மாதம் இருந்தோம். ஊசி போட்டார்கள், மருந்து விட்டார்கள். ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது ஒரு நாள் நின்றுபோனது. திரும்பி வந்தபோது ரயிலில் அவரை நடுவில் உட்கார வைத்தேன். அவர் ஜன்னல் ஓரம் கேட்கவில்லை.

தோட்டத்து வேலையாட்களின் பேர்ப் புத்தகமான செக்ரோலில் அவருடைய பேரை வெட்டினார்கள். என் பேர் இருந்ததால் லயத்தில் நாங்கள் இருந்த காம்பராவை விட்டு வைத்தார்கள். அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வரவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும், கீரை ஆயவும் பழகிக்கொண்டார். கூத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள், பாட மட்டும். ஒரு வருஷம் போனார். அடுத்த வருஷம் போகவில்லை.

ஆனால் கொழும்புக்குப் போகிறவர்கள் அவரிடம் வந்து கேட்பது மட்டும் நிற்கவில்லை. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் வழி தவறாமல் சொல்வார். கொழுந்தெடுத்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மேல் குற்றம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது பக்கத்து லயத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி. கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். "ரெண்டு நாள் முந்தியே போயி, இவளுக்குக் கடலையும் சிங்கத்தையும் காட்டிட்டுச் சேக்கலாம்னு இருக்கேன்ண்ணே. எப்பிடிப் போறது?" என்று அவன் கேட்டான்.

என் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார் என் கணவர். "ரயில விட்டு எறங்கி நேரா அங்க போ. வேற எங்கயும் கால் வைக்காத."

"இல்லண்ணே, ஒரு நாள்தான..."

"போன்னா போ!" என்று கத்தினார். பிள்ளை பயந்து அழுதாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நான் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன். கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவர், "நீ கூப்பிடாட்டியும் அன்னைக்கு நான் போயிருக்க மாட்டேன், புள்ள" என்றார்.

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. குழம்பை ஊற்றினேன்.

அந்தப் பெண் ஒரு மாதம் கழித்துக் கழுத்தில் தழும்போடு வந்தாள். அவரைப் பார்க்கவென்றே எங்கள் காம்பராவுக்கு வந்தாள். அவர் தழும்பைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டு, விரலால் தடவிப் பார்த்தார்.

"கடலப் பார்த்தியா?"

"இல்லண்ணே. வெட்டுனதும் நேரா ரயிலேறிட்டோம்."

"நல்லது" என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி வெளியே போனார்.