கவிழ்த்து வைத்த கல்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் தலைச்சுமையாகக் கல் சுமந்து, பிறகு அதே ஊரில் சொந்தச் சூளை போட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் புது வீட்டுச் சுவரைத் தட்டினாலும் பாதிக்குப் பாதி என் கல்தான். எனக்கு யாரும் எதையும் சும்மா தந்ததில்லை. அதனால் சும்மா தருகிறேன் என்று வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி விசாரிப்பேன்.

அப்படி வந்தவர்கள் ஒரு கல்லூரி டீச்சரும், வளைகுடாவிலிருந்து திரும்பிய ஓர் இளைஞனும். காவலர் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் இலவச வகுப்பாம். தேர்வு வரை என் காலி ஷெட் வேண்டுமாம்.

"ஒங்களுக்கு இதுல என்ன கிட்டும்?"

"ஒண்ணும் கிட்டாது அண்ணாச்சி. பிள்ளைய பாஸாவும்," என்றார் டீச்சர்.

"கட்சியா? கோயிலா, சர்ச்சா?"

இளைஞன் சிரித்தான். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம வீட்டுல இருந்தா பொண்டாட்டி தேங்கா திருவச் சொல்லுவா."

சிரிக்கிறவன் மேல் எனக்குச் சந்தேகம் கூடும். முடியாது என்று அனுப்பினால் உள்நோக்கம் தெரியாமலே போய்விடுமே என்றுதான் சாவியைக் கொடுத்தேன்.

ஷெட்டில் ஓர் ஓரமாகக் கல் அடுக்கியிருந்தது. என் கல்லில் பெயர் எழுத்து பதிந்திருக்கும். எழுத்து மேலே தெரியத்தான் அடுக்குவோம். மேல் வரிசையில் ஒன்றை மட்டும் கவிழ்த்து வைத்தேன். எவனாவது கை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று வாரம் கல் அப்படியே இருந்தது. நான்காம் வாரம் போய்ப் பார்த்தால் மேல் வரிசை முழுக்க எழுத்து மேலே! அடுத்த ஞாயிறு வகுப்பு நடுவே போய் நின்றேன்.

"கல்லக் கடத்துகதுக்குத்தான் படிப்பா டீச்சர்?"

அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "எந்திங்க மக்கா," என்றார். சாவியைக் கல் மேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறினார். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஷெட் கூட்டுகிற அம்மாள் மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் மழத்தண்ணி உள்ள கேறிச்சு மொதலாளி. கல்லப் போட்டு அதுக்க மேல இருந்தாக்கும் பிள்ளைய படிச்சுது. கல்லுல ஒட்டுன செளியக் கழுவி அடுக்கிட்டுல்லா போச்சுது! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

எண்ணிப் பார்த்தேன். ஒரு கல் குறையவில்லை. என் ஆட்கள்கூட அவ்வளவு நேராக அடுக்கியதில்லை.

அடுத்த ஞாயிறு தேடிப் போனேன். பூட்டிக் கிடந்த ரேஷன் கடை வாசலில் வகுப்பு நடந்தது. காற்றுக்குப் பறக்காமல் தாள்களை முழங்காலால் அமுக்கிக்கொண்டு பிள்ளைகள் எழுதினார்கள். நான் டீச்சரிடம் சாவியை நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நாளைக்கு வேற ஒண்ணு காணாம போவும்."

"அப்போ பிள்ளைய படிப்பு?"

"நீங்களே காலைல வந்து தெறங்க. வகுப்பு முடியுகது வரைக்கும் இருங்க. கண்ணால பாத்துக்கிடலாம்லா?"

"தேங்கா திருவுகதவிட இது கொள்ளாம் அண்ணாச்சி," என்றான் இளைஞன்.

அன்றைக்கே போய்த் திறந்தேன். அடுத்த ஞாயிறு, சாவியோடு போகும்போது டீக்கடைக்காரன் மறித்தான். "அண்ணாச்சி, பஞ்சாயத்து எலெக்சனுக்கு நிக்கப் போறியளோ?"

"இல்லப்பா. சும்மா."

"சும்மாவா? நீங்களா?"

அவன் கண்ணைப் பார்த்தேன். நம்பவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.