வள்ளம் தள்ள வராதவர்கள்

தேர்தல் சத்தியத்தை மீறியவர் எங்கள் கரையில் ஒரே ஒருவர்தான் என்று வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். அவர் என் அப்பா. ஊருக்கு அதைச் சொன்னது நான்.

சண்டை முடிந்தபின் வந்த தேர்தல்களில் ஒன்று அது. கண்டக்குழிக்கு அப்பால் இருந்த எங்கள் மீன்பிடி ஊரில் அப்போது கரண்ட் இல்லை. வேட்பாளர் ஒருவர் வந்து, தான் வென்றால் வீட்டுக்கு வீடு கரண்ட் தருவதாகவும், எங்கள் கரையிலேயே நிலக்கரி எரிக்கும் மின்நிலையம் கட்டப்போவதாகவும் சொன்னார். கரண்ட் எல்லோருக்கும் இனித்தது. நிலையம்தான் கசந்தது. அதன் சுடுநீர் கடலில் விழுந்தால் மீன் ஓடிவிடும் என்று பெரியப்பா ஊரைக் கூட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலில் ஆளுக்காள் அந்தோனியார் சுரூபத்தைத் தொட்டு, அந்த மனிதருக்கு வோட்டுப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்பாவும் தொட்டார்.

எங்கள் வீட்டிலோ தம்பிக்கு முட்டு வருத்தம். மூச்சுக்கு இழுத்து இழுத்து உதடு நீலமாகிவிடும். குவைத்தில் வேலை செய்த சின்னம்மா, மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மெஷின் ஒன்றை அனுப்பியிருந்தார். கரண்ட் இல்லாமல் அது அலுமாரிக்குள் சும்மா கிடந்தது. தம்பி இழுக்கும்போதெல்லாம் அம்மா அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார்.

வோட்டுப் போட்டுவிட்டு வந்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"பிள்ளைக்காகத்தான் அவனுக்குப் போட்டனான். அந்தோனியார் மன்னிக்கட்டும்."

வாசலில் இருந்த என் காதில் அது விழுந்தது.

அந்த மனிதர் வென்றார். சில மாதங்களில் கம்பியும் வந்தது. முதல் விளக்கு பெரியப்பா வீட்டில் எரிந்தபோது ஊரே கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்கட அப்பா வோட்டுப் போட்டதாலதான் லைட் வந்தது!"

கைதட்டல் நின்றுவிட்டது. "அப்பிடியா கதை" என்றார் பெரியப்பா.

எங்கள் கரையில் வள்ளம் தள்ள யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருவர் கை வைத்தால் பக்கத்தில் நிற்பவர்கள் தாமாகவே வந்து தோள் கொடுப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவனின் வள்ளத்துக்கும் அப்படித்தான். மறுநாள் அப்பா கை வைத்தார். ஒருவரும் வரவில்லை. அம்மாவும் நானும் தள்ளிப் பார்த்தோம், வள்ளம் அசையவில்லை. ஒரு கிழமை பொறுத்திருந்துவிட்டு, அப்பா முந்தல் என்ற ஊரில் ஓர் இறால் பண்ணைக்குக் கூலிக்குப் போனார். என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மெஷின் தம்பியை இரண்டு வருடம் காப்பாற்றியது. நிலக்கரி நிலையம் எங்கள் கரைக்கு வரவே இல்லை. மூன்றாம் மாரியில் அடித்த புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. கரண்ட் போன நாலாம் நாள் தம்பி செத்துப்போனான்.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்ததும் பெரியப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நானும் அவனுக்குத்தானடா போட்டனான். இங்க நிக்கிற முக்கால்வாசிப் பேரும் அப்பிடித்தான்."

"தெரியும்" என்றார் அப்பா.

"எப்ப தெரியும்?"

"வள்ளம் தள்ள ஒருத்தரும் வராத அண்டைக்கே. கோவக்காரனும் வந்து தோள் குடுப்பான், பயந்தவன்தான் வரமாட்டான்."

தெரிந்தவர் ஏன் அன்றே ஊர் நடுவில் நின்று கேட்கவில்லை, ஏன் பேசாமல் முந்தலுக்குப் போனார் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்பா பயந்தவர் என்றுதான் அப்போது நினைத்தேன். அன்று கேட்டிருந்தால் ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிருக்கும் என்பது வளர்ந்த பிறகுதான் விளங்கியது.