வண்டி என்னுடையது, ஓட்டியவர் அவர்

இன்று கூடலூரிலிருந்து கம்பம் வரும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு டிரைவர்கள் எங்கள் பக்கத்துப் பிக்கப் வேன் பந்தயத்தின் வரலாற்றைப் பேசிக்கொண்டு வந்தார்கள். அறுப்பு முடிந்த வயலில் வட்டமாக ஓட்டுகிற பந்தயம் அது.

"மொத வருசம் ஜெயிச்சது யாருண்ணே?"

"கூடலூர் கமலாம்மா. பொம்பள ஆளு, என்னா ஓட்டு ஓட்டுனாகங்கிற!"

கமலா நான்தான். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

மாட்டுவண்டிப் பந்தயத்தில் மைக்கில் ஓட்டுகிறவர் பெயரைச் சொல்லாமல் வண்டியின் சொந்தக்காரர் பெயரைச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். பிக்கப்புக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள். வண்டி என் பெயரில் இருந்தது. ஓட்டியவர் என் கணவர்.

பேசியவரின் தோளைத் தட்டினேன். "தம்பி, கமலா நான்தான். ஓட்டுனது எங்க வீட்டுக்காரர் குருநாதன். இப்ப அவுக இல்ல."

"அப்படியா ஆத்தா! இனிமே சரியாச் சொல்லிர்றோம்."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

கம்பத்தில் இறங்கும்போது அவர் கண்டக்டரிடம் கத்தினார்: "ஏலே, பாத்து எறக்கி விடு! பந்தயத்துல மொதல்ல ஜெயிச்ச ஆத்தா இவுகதேன்!"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. நானும் தலையசைத்துவிட்டு இறங்கினேன்.

வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் கேட்க ஆளில்லை. குருநாதன். இதைப் படிக்கிற நீங்களாவது கீழே கமெண்டில் ஒருமுறை எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன்.