கண்ணாடிப் பெட்டிப் பாசி

நாமக்கல்லில் நான் குடியிருந்த வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, மழிக்காத முகம். பேசும்போது சுவரைப் பார்த்தே பேசுவார். தாவர ஆராய்ச்சி செய்துவந்த அவருடைய ஒரே மகள் விபத்தில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் கொல்லிமலைப் பாறையிலிருந்து கொண்டுவந்த அரிய ஈரற்பாசி ஒன்று கூடத்தில், குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்ந்தது. எள்ளளவு இலைகள் நெருக்கமாக அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால், பிடித்துவைத்த மழைத்தண்ணீரைத்தான் தினமும் காலையில் அதன்மேல் தெளிப்பார்.

சித்திரையில் அவர் ஓர் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கரண்ட் போய் இரண்டு நாள் வரவேயில்லை. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். பாசி கருகிக் கிடந்தது. பெட்டியை மூடினார். மறுநாள் காலையும் தண்ணீர் தெளித்தார். அதற்கடுத்த நாளும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதுதான் போயிருச்சேங்க, இன்னும் எதுக்குங்க?" என்றேன்.

"தெரியுதுங்க சாமி," என்றார் சுவரிடம். "தெளிக்கலீன்னா காலையில எந்திரிச்சு என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

அழுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பண்ணைக்குக் கிளம்பினார்.

நான் வீட்டைக் காலிசெய்த அன்றும் அந்தப் பெட்டிக்குள் ஈரம் காயவில்லை.